வார இறுதி முழுக்க ஓடும் பேக்கப்: புதிய டேப் டிரைவ் வாங்கினால் தீருமா?

ஆய்வு நிறுவனம் ஒன்றில் கணினி நிர்வாகியாக இருக்கும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவரையும் அவருடைய நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவருடைய பொறுப்பில் 12 யூனிக்ஸ் வகைக் கணினிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை லினக்ஸ், ஒன்று ஃப்ரீபிஎஸ்டி, இரண்டு மட்டும் பழைய மென்பொருள் ஒன்றுக்காகக் கைவிட முடியாமல் வைத்திருக்கும் சோலாரிஸ் இயந்திரங்கள். சோலாரிஸ் இரண்டும் 100 மெகாபிட் வேகத்திலும் மற்றவை ஜிகாபிட் வேகத்திலும் நெட்வொர்க்கில் இணைந்திருக்கின்றன. பேக்கப்புக்கென்று உள்ள கணினியில் ஓர் எல்டிஓ-6 டேப் டிரைவ் (காந்த நாடாவில் தரவை எழுதும் கருவி; எல்டிஓ நாடா வகையின் பெயர், 6 அதன் தலைமுறை) பொருத்தப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) தொடங்கி, ஒவ்வொரு கணினியாக எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்க இணைப்பின் வழியே நுழைந்து, டார் கட்டளையால் கோப்புகளைத் திரட்டி, ஜிஸிப்பால் சுருக்கி, டிடி கட்டளை மூலம் நேரடியாக டேப்பில் எழுதுகிறது. கோப்பு சர்வரை மட்டும் என்எஃப்எஸ் (ஒரு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியே இன்னொன்று தன்னுடையவைபோல் வாசிக்கும் முறை) மூலம் பேக்கப் கணினியில் மவுண்ட் செய்து வாசிக்கிறார்கள், அதில் 1.6 டெராபைட் தரவு, ஏறக்குறைய 90 லட்சம் சிறிய கோப்புகளாக இருக்கிறது. எல்லாக் கணினிகளையும் சேர்த்தால் 3.4 டெராபைட். சுருக்கிய பின் 2.1 டெராபைட் ஆகி ஒரே கார்ட்ரிட்ஜில் (நாடாப் பெட்டியில்) அடங்கிவிடுகிறது. ஆனால் வேலை முடியத் திங்கட்கிழமை காலை 7 மணி ஆகிறது. சில வாரங்களில் அலுவலகம் தொடங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிரைவின் சத்தமே விட்டுவிட்டுத்தான் கேட்கிறது, ஓடுகிறது, நிற்கிறது, பின்னால் சுற்றுகிறது, மறுபடி ஓடுகிறது, பழுதாகிவிட்டதோ என்று அவர் அஞ்சுகிறார். நிர்வாகம் எல்டிஓ-9 டிரைவ் ஒன்றை வாங்கத் தயாராக இருக்கிறது. சக ஊழியர் ஒருவரோ ஜிஸிப்பை எடுத்துவிடலாம், எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதில் மறையாக்கம் இல்லாத பழைய ஆர்எஸ்ஹெச் இணைப்பைப் பயன்படுத்தலாம், பல கணினிகளின் தரவை ஒரே சமயத்தில் டேப்பில் கலந்து எழுதலாம், எழுதியதை மீண்டும் வாசித்துப் பார்க்கும் சரிபார்ப்பை நிறுத்திவிடலாம் என்கிறார். இவற்றில் எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது, இதுவரை எழுதிய டேப்புகளை நம்பலாமா என்பவை வாசகரின் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நேரமும் அளவும் தெளிவாக இருப்பதால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. வெள்ளி இரவு 9 முதல் திங்கள் காலை 7 வரை 58 மணி நேரம். அந்த நேரத்தில் டேப்பில் உண்மையில் எழுதப்படுவது 2.1 டெராபைட். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். எல்டிஓ-6 டிரைவின் இயல்பான எழுதும் வேகம், சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்காமலே, வினாடிக்கு 160 மெகாபைட். அதாவது, உங்கள் டிரைவ் தன்னால் முடிந்ததில் பதினாறில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இதே 2.1 டெராபைட்டை அதற்குத் தடையில்லாமல் ஊட்டினால் நான்கு மணி நேரத்துக்குள் எழுதி முடித்துவிடும். ஆகவே டிரைவ் பழுதாகியிருக்கும் என்ற அச்சத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குத் தரவு போதிய வேகத்தில் வந்து சேரவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினை. நீங்கள் செய்ய வேண்டிய மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

நீங்கள் கேட்கும் அந்த விட்டுவிட்டு வரும் சத்தத்துக்குக் காரணமும் இதுதான். ஹார்டு டிஸ்க் எவ்வளவு மெதுவாகத் தரவு வந்தாலும் காத்திருந்து எழுதிக்கொள்ளும். டேப் அப்படிப்பட்டதல்ல, அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் எழுத முடியும். எல்டிஓ டிரைவுகள் வரும் தரவுக்கு ஏற்பத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் அதற்கும் ஒரு கீழ் வரம்பு இருக்கிறது. மாடலைப் பொறுத்து அது உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். தரவு அந்த வரம்புக்கும் கீழே போனால் டிரைவின் உள் பஃபர் (வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) காலியாகிவிடும். உடனே டிரைவ் நின்று, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, எழுதி முடித்த இடத்தைத் தேடிப் பிடித்து, மீண்டும் வேகமெடுக்க வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை ஷூ ஷைனிங் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் சில வினாடிகள் வீணாகின்றன. அதைவிட மோசமாக, நாடாவின் ஒரே பகுதி எழுதும் முனையின் மேல் திரும்பத் திரும்ப உரசுகிறது. எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜின் 846 மீட்டர் நாடா, முழுக்க நிரம்புவதற்கு இயல்பாகவே 136 முறை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதன் மேல் இந்த முன்பின் ஓட்டமும் சேர்ந்தால் நாடாவும் தேயும், டிரைவின் முனையும் தேயும்.

எல்டிஓ-9 வாங்கினால் என்ன ஆகும்?

அதன் இயல்பான வேகம், முழு உயர மாடலில், வினாடிக்கு 400 மெகாபைட். வேகம் கூடும்போது கீழ் வரம்பும் சேர்ந்தே கூடும் என்பதால், இன்று 10 மெகாபைட்டுக்குத் தவிக்கும் இடத்தில் அந்த டிரைவ் இன்னும் அதிகமாகத் தவிக்கும். பேக்கப் முடியும் நேரம் குறையாது, தேய்மானம்தான் கூடும். இதை உங்கள் நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகவே சொல்லிவிடுங்கள். பணத்தைச் செலவிட அவர்கள் தயாராக இருப்பது நல்ல செய்தி. அதை எங்கே செலவிட வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய இன்னொரு செய்தியும் உண்டு. எல்டிஓ-7 வரை ஒவ்வொரு தலைமுறை டிரைவும் தனக்கு இரண்டு தலைமுறை முந்திய டேப்பை வாசிக்கும். எல்டிஓ-8 முதல் அந்த வழக்கம் இல்லை. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-9, எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ்களை மட்டுமே ஏற்கும். உங்கள் அலமாரியில் இருக்கும் எல்டிஓ-6 டேப் ஒன்றைக்கூட அதில் வாசிக்க முடியாது. பிற்காலத்தில் தரவு பெருகி நீங்கள் மாறத்தான் வேண்டியிருந்தாலும், பழைய டேப்புகளின் காலம் முடியும் வரை இந்த எல்டிஓ-6 டிரைவை இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும். அப்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: எல்டிஓ-9இல் புதிய கார்ட்ரிட்ஜை முதன்முறை ஏற்றும்போது டிரைவ் அதைத் தனக்கேற்பப் பக்குவப்படுத்திக்கொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே தடைபடுகிறது என்று அளந்து பாருங்கள்

ஸ்கிரிப்டில் கை வைப்பதற்கு முன் நான்கு வேகங்களைத் தனித்தனியாக அளக்க வேண்டும்: ஒவ்வொரு கணினியிலும் டார் கோப்புகளை வாசிக்கும் வேகம், சுருக்கும் வேகம், நெட்வொர்க்கின் வேகம், டேப் எழுதும் வேகம். இவற்றில் எது குறைவோ அதுவே மொத்த வேகம். நான்கையும் ஒரே பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் தொடரில்) கோத்து ஓட்டும்போது எது யாரைக் காக்க வைக்கிறது என்று தெரியாது.

அளப்பதிலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, வாசிக்கும் வேகத்தை அறிய டாரின் வெளியீட்டை நேராக டெவ்-நல்லுக்கு (வருவதையெல்லாம் வீசியெறியும் போலிக் கோப்புக்கு) அனுப்புவது. க்னூ டார் தன் வெளியீடு டெவ்-நல்லுக்குத்தான் போகிறது என்பதைக் கண்டுகொண்டால் கோப்புகளின் உள்ளடக்கத்தை வாசிப்பதே இல்லை. பெயர்களை மட்டும் சுற்றி வந்து சில நிமிடங்களில் முடித்துவிடும். அதை நம்பி டிஸ்க் அபார வேகத்தில் இருக்கிறது என்று பலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். டாரின் வெளியீட்டை ஒரு பைப் வழியாக கேட் கட்டளைக்குக் கொடுத்து, அங்கிருந்து டெவ்-நல்லுக்கு அனுப்பினால் உண்மையான வேகம் தெரியும். மற்றொன்று, டேப் வேகத்தைச் சோதிக்க வெறும் பூஜ்ஜியங்களை எழுதுவது. டிரைவின் உள்ளேயே இருக்கும் சுருக்கும் சில்லு பூஜ்ஜியங்களை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவதால் நம்ப முடியாத எண் ஒன்று கிடைக்கும். தற்போக்கான தரவு கொண்ட சில ஜிகாபைட் கோப்பு ஒன்றை முன்கூட்டியே வேகமான டிஸ்கில் உருவாக்கி வைத்துக்கொண்டு அதை எழுதிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குக் காலி டேப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். டேப்பின் நடுவில் எங்கே எழுதினாலும் தரவு அந்த இடத்தோடு முடிந்தது என்று டிரைவ் குறித்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருப்பதை வழக்கமான வழியில் மீட்க முடியாது.

நெட்வொர்க்கை ஐபெர்ஃப் என்ற அளவீட்டு நிரல் கொண்டு அளக்கலாம். ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு 110 மெகாபைட் அளவுக்கும், 100 மெகாபிட் இணைப்பில் 11 மெகாபைட் அளவுக்கும் கிடைத்தால் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். சோலாரிஸ் இயந்திரங்களில் 11க்கு வெகுவாகக் குறைந்தால், ஸ்விட்சும் கணினியும் டூப்ளெக்ஸ் விஷயத்தில் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவதா, மாறி மாறி அனுப்புவதா என்பதில்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் முழு டூப்ளெக்ஸ், மறுபக்கம் அரை டூப்ளெக்ஸ் என்று இருந்தால் பிங் செய்யும்போது எல்லாம் சரியாகவே தோன்றும், பெரிய தரவு போகும்போதுதான் திணறும். பழைய இயந்திரங்களில் இது அடிக்கடி காணும் கோளாறு.

90 லட்சம் கோப்புகள்

என் கணிப்பில் உங்கள் வார இறுதியின் பெரும்பகுதியைத் தின்பது கோப்பு சர்வர்தான். 1.6 டெராபைட் என்ற அளவைவிட 90 லட்சம் என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். என்எஃப்எஸ் வழியாக ஒரு சிறிய கோப்பை வாசிப்பதற்கு அதைத் தேடுவது, அதன் பண்புகளைக் கேட்பது, திறப்பது, வாசிப்பது, மூடுவது என்று ஒவ்வொன்றுக்கும் பேக்கப் கணினிக்கும் சர்வருக்கும் இடையே ஒரு போக்குவரத்து நடக்கிறது. சர்வரின் டிஸ்க் முனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்து ஒரு கோப்புக்கு 10 மில்லிவினாடிதான் என்று வைத்துக்கொண்டாலும் 90 லட்சம் கோப்புகளுக்கு 90,000 வினாடிகள், அதாவது 25 மணி நேரம் ஆகிறது. இந்த நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதற்கே போகிறது.

முதல் மாற்றம் செலவில்லாதது. என்எஃப்எஸ் வழியாக வாசிப்பதை நிறுத்தி, மற்ற கணினிகளில் செய்வதுபோல் கோப்பு சர்வரிலேயே டாரை ஓட்டி, அதன் வெளியீட்டை ஒரே தொடர்ச்சியான தரவு நீரோட்டமாக அனுப்புங்கள். போக்குவரத்துக் காத்திருப்பு போய்விடும். டிஸ்க் முனையின் காத்திருப்பு மட்டும் மிஞ்சும். சர்வரில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருக்குமானால் ஒரு ஸ்னாப்ஷாட்டை (அந்த நொடியில் உறைந்த நிலையை) எடுத்து அதன் செண்ட் வசதியைப் பயன்படுத்தலாம். முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு மாறியவை எவை என்பது அதற்குத் தெரியும் என்பதால் 90 லட்சம் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நீரோட்டத்திலிருந்து ஒற்றைக் கோப்பை உருவ முடியாது, முழுவதையும் ஓர் இசட்எஃப்எஸ் அமைப்பில் இறக்கிய பிறகே எடுக்க முடியும். ஒற்றைக் கோப்பைத் திருப்பித் தரும்படி ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்பார்கள் என்றால் டாரே மேல்.

இரண்டாவது மாற்றம் நிர்வாகத்தின் ஒப்புதலைக் கேட்பது. முடிந்துபோன ஆய்வுகளின் அளவீட்டுக் கோப்புகள் இனி மாறப் போவதில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாறாத ஒன்றை வாராவாரம் ஏன் மீண்டும் எழுத வேண்டும்? அவற்றை ஆய்வு வாரியாகப் பெரிய டார் கோப்புகளாகக் கட்டி, செக்சம் (தரவு மாறியதா என்று பிற்பாடு ஒப்பிட உதவும் எண்) எடுத்து, இரண்டு தனித்தனி டேப்புகளில் எழுதி, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். பிறகு வாராந்திரப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மூலக் கோப்புகளை அழிக்கச் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து எடுப்பது மட்டுமே. எது முடிந்த ஆய்வு என்று தீர்மானிக்கும் உரிமை அந்தத் தரவுக்குப் பொறுப்பான ஆய்வாளருக்கே உண்டு, உங்களுக்கு இல்லை. அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இந்தக் கடிதத்தில் சொல்லும் எல்லாவற்றிலும் அதிக நேரத்தை மிச்சப்படுத்தப் போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

நிர்வாகத்தின் பணம் போக வேண்டிய இடம்

இப்போது நீங்கள் கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக டேப்போடு நேரடியாக இணைக்கிறீர்கள். சோலாரிஸ் இரண்டிலும் சேர்த்து 300 ஜிகாபைட் என்கிறீர்கள். 11 மெகாபைட் வேகத்தில் அதற்கு மட்டும் ஏழரை மணி நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க டேப்பும் மற்ற பத்துக் கணினிகளும் சும்மா இருக்கின்றன. இதற்குத் தீர்வு, டேப்புக்கு முன்னால் ஓர் இடைநிலை டிஸ்கை வைப்பது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது இது: குழாய்கள் மெதுவாக நிரப்பிக்கொண்டிருக்கும், திறக்கும்போது முழு வேகத்தில் கொட்டும். எல்லாக் கணினிகளும் ஒரே சமயத்தில் தத்தம் வேகத்தில் இந்த டிஸ்கில் எழுதட்டும்; ஒரு பகுதி முழுதாக வந்து சேர்ந்ததும் அது அங்கிருந்து 160 மெகாபைட் வேகத்தில் டேப்புக்குப் போகட்டும்.

இதற்கென்றே அமாண்டா என்ற கட்டற்ற மென்பொருள் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. இந்த இடைநிலை டிஸ்க்தான் அதன் மையம். பாக்குலா, அதிலிருந்து பிரிந்த பேரியோஸ் ஆகியவற்றிலும் ஸ்பூலிங் என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. அமாண்டாவில் இன்னொரு நன்மை, முழு பேக்கப்புகளை எல்லாம் ஒரே இரவில் குவிக்காமல் சுழற்சி நாட்களில் தானே பரப்பிக்கொள்ளும். சொந்த ஸ்கிரிப்டோடு தொடர விரும்பினாலும் தவறில்லை; ஆனால் 12 கணினிகள், மாறும் பட்டியல், டேப் கணக்கு என்றெல்லாம் பார்க்கும்போது, இந்த வேலைக்கு உருவான மென்பொருளுக்கு மாறுவதையே நான் விரும்புவேன்.

இடைநிலை டிஸ்கை வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காதீர்கள். ஒற்றை ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாக வாசிக்கும்போது 160 மெகாபைட் தரலாம். ஆனால் அதே நேரத்தில் பத்துக் கணினிகள் அதில் எழுதிக்கொண்டிருந்தால் முனை அங்குமிங்கும் அலைந்து வேகம் சரிந்துவிடும், டேப் பழையபடி நின்று நின்று ஓடும். எஸ்எஸ்டி அல்லது பல டிஸ்குகளை இணைத்த ரெய்டு அமைப்பு தேவை. முழு 2.1 டெராபைட்டும் ஒரே சமயத்தில் அடங்க வேண்டும் என்பதில்லை. கோப்பு சர்வரை 100 அல்லது 200 ஜிகாபைட் கொண்ட பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் வந்து வந்து போய்விடும். அப்படிப் பிரிப்பதால், பிற்பாடு ஒரு கோப்பை மீட்கும்போதும் முழு ஆவணத்தையும் (டார் கட்டிய தொகுப்பையும்) கடக்காமல் குறிப்பிட்ட பகுதிக்கு நேராகத் தாவலாம். வெவ்வேறு கணினிகளை இணையாக ஓட்டுங்கள், ஆனால் சுழலும் ஒரே டிஸ்கின் மேல் இரண்டு டார்களை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுத்து இரண்டுமே மெதுவாகும்.

டேப்புக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் எம்பஃபர் என்ற சிறிய நிரலைச் சேருங்கள். சில ஜிகாபைட் நினைவகத்தை அதற்கு ஒதுக்கி, 90 சதவீதம் நிரம்பிய பிறகே எழுதத் தொடங்கச் சொல்லலாம். இடைநிலை டிஸ்க் வாங்கும் வரையிலான வாரங்களில் இது மட்டுமே ஓரளவு நிவாரணம் தரும். வேகத்தை அது கூட்டாது. ஆனால் டிரைவ் நிமிடத்துக்குப் பலமுறை நின்று புறப்படுவதைத் தவிர்த்து, நீண்ட ஓட்டமும் நீண்ட ஓய்வுமாக மாற்றும்.

பிளாக் அளவைப் பற்றி

டார் இயல்பாக 10,240 பைட் பிளாக்குகளாக (ஒரு தடவையில் எழுதும் துண்டுகளாக) எழுதுகிறது. டிடிக்கு அளவு சொல்லாமல் விட்டால் அது 512 பைட்டாக எழுதும். உங்கள் ஸ்கிரிப்டில் அளவு கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை, உடனே பாருங்கள். எல்டிஓ டிரைவுக்கு இவை மிகச் சிறியவை. 256 கிலோபைட் நல்ல தொடக்கம். டாரின் பிளாக்கிங் காரணியை (512 பைட் துண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பிளாக் என்ற எண்ணை) 512 என்று கொடுத்தால் அந்த அளவு வரும். டிடியைப் பயன்படுத்தினால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது: உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பொதுவான அளவைக் கொடுத்தால், பைப்பிலிருந்து அரைகுறையாக வந்த துண்டையும் அப்படியே அரைகுறை பிளாக்காக எழுதிவிடும். வெளியீட்டு அளவை மட்டும் தனியாகக் கொடுத்தால் சேர்த்துவைத்து முழு பிளாக்காக எழுதும்.

பெரிய பிளாக்கில் எழுதிய டேப்பைச் சிறிய அளவு கேட்டு வாசிக்க முயன்றால் லினக்ஸ் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்ற பொருத்தமில்லாத பிழையைக் காட்டும். அவசரத்தில் மீட்க முயலும் ஒருவர் அதைப் பார்த்து டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கார்ட்ரிட்ஜின் லேபிளிலேயே பிளாக் அளவை எழுதிவையுங்கள். உங்கள் பழைய டேப்புகளைப் புதிய பெரிய அளவில் வாசிப்பதில் சிக்கல் இருக்காது. டிரைவ் மாறும் பிளாக் முறையில் இருக்கிறதா என்று, டேப்பைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையால் பார்த்துக்கொண்டால் போதும், டார் அளவைத் தானே கண்டுகொள்ளும்.

சக ஊழியரின் யோசனைகள்

ஜிஸிப்பைப் பற்றி அவர் சொல்வது பாதி சரி. ஜிஸிப் ஒரே ஒரு பிராசஸர் மையத்தில் ஓடுவதால், அதன் இயல்பான நிலையில், 160 மெகாபைட்டுக்கு ஈடுகொடுக்காது. ஆனால் சுருக்கத்தை அடியோடு எடுத்துவிட்டால் பேக்கப் கணினியின் ஒற்றை ஜிகாபிட் இணைப்பின் வழியே 3.4 டெராபைட் வர வேண்டும். அதற்குக் குறைந்தது எட்டரை மணி நேரம் ஆகும், சுருக்கிய 2.1 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரத்துக்குள் முடியும். டிரைவின் உள்சுருக்கம் ஜிஸிப் அளவுக்கு இறுக்காமல் போனால் 2.5 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரே கார்ட்ரிட்ஜில் அடங்காமலும் போகலாம். ஞாயிறு அதிகாலையில் கார்ட்ரிட்ஜை மாற்ற யார் இருப்பார்கள்? ஆகவே மூலக் கணினிகளிலேயே சுருக்குங்கள், ஆனால் எல்லா மையங்களையும் பயன்படுத்தும் பிக்ஸிப் அல்லது இசட்ஸ்டாண்டர்டு கொண்டு சுருக்குங்கள். சோலாரிஸ் இரண்டும் மட்டும் சுருக்காமல் அனுப்பட்டும்; அவற்றின் தரவைப் பேக்கப் கணினி சுருக்கிக்கொள்ளும்.

ஆர்எஸ்ஹெச் வேண்டாம். அது தரவை மறைக்காமல் அனுப்புகிறது, எதிர்முனை சொல்லும் பெயரையும் முகவரியையும் நம்பிக் கதவைத் திறக்கிறது. பேக்கப் நீரோட்டத்திலோ நிறுவனத்தின் கடவுச்சொல் கோப்புகள் உட்பட எல்லாமே ஓடுகின்றன. ஏஇஎஸ் கட்டளைகளை வன்பொருளிலேயே கொண்ட இன்றைய பிராசஸர்களில் எஸ்எஸ்ஹெச்சின் மறையாக்கம் ஜிகாபிட் வேகத்துக்குத் தடையாக இருப்பதில்லை. எஸ்எஸ்ஹெச்சில் சுருக்கும் விருப்பம் ஒருவேளை இயங்கிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே சுருக்கிய தரவை மறுபடி சுருக்க முயன்று நேரத்தை வீணாக்கும்.

பல நீரோட்டங்களை டேப்பில் கலப்பது பெரிய பேக்கப் மென்பொருள்கள் செய்யும் வேலைதான். எழுதும்போது டேப்பைத் தடையின்றி ஓட்டும். ஆனால் ஒரே ஒரு கணினியை மீட்கும் நாளில் மற்ற கணினிகளின் தரவையும் கடந்து கடந்துதான் வாசிக்க வேண்டியிருக்கும். இடைநிலை டிஸ்க் இருந்தால் இந்தக் கடனை ஏற்க வேண்டிய தேவையே இல்லை.

சரிபார்ப்பை நிறுத்தலாமா?

எல்டிஓ டிரைவ் எழுதும்போதே, எழுதியதை வாசிக்கும் முனையால் படித்துப் பார்த்துச் சரியில்லை என்றால் மறுபடி எழுதுகிறது. ஆகையால் முழு டேப்பையும் வாரந்தோறும் மீண்டும் வாசிப்பதை நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் டிரைவ் உறுதி சொல்வது தன்னிடம் வந்த பைட்டுகளுக்கு மட்டுமே. வர வேண்டியதெல்லாம் வந்ததா என்று அதற்குத் தெரியாது. இடைநிலை டிஸ்கில் ஒவ்வொரு பகுதியும் முழுதாக வந்ததும் அதன் செக்சத்தை எடுத்து, உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலோடு சேமியுங்கள். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கணினியின் ஒரு பகுதியை டேப்பிலிருந்து காலி டைரக்டரி ஒன்றுக்கு மீட்டு ஒப்பிடுங்கள்.

இங்கே உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கக்கூடும். கட்டளைகளைப் பைப்பில் கோத்தால், ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே பார்க்கும். முன்னால் இருக்கும் டார் அனுமதி மறுக்கப்பட்டோ, எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தோ பாதியில் நின்றாலும், பின்னால் இருக்கும் டிடி வந்தவரை எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும்; உங்கள் லாகிலும் வெற்றி என்றே பதியும். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற விருப்பத்தை இயக்கினால் இடையில் எது தோற்றாலும் தெரியவரும். இதற்கு எந்தச் செலவும் இல்லை, இந்த வெள்ளிக்கிழமைக்குள்ளேயே செய்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச்சின் மறுமுனையில் டாரும் ஜிஸிப்பும் பைப்பில் இருந்தால், அந்தப் பக்கத்திலும் தனியாக இயக்க வேண்டும்.

தரவுத்தளம் ஓடும் கணினி ஒன்றும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை டார் வாசிக்கும்போது முதல் பாதி ஒரு நேரத்தையும் மறுபாதி இன்னொரு நேரத்தையும் சேர்ந்ததாக இருக்கும். அதன் சொந்த டம்ப் கருவியால் (முழுத் தரவையும் ஒரே நேரத்து நிலையில் வெளியே எடுக்கும் கருவியால்) ஒரு கோப்பை எடுத்து அதை பேக்கப்பில் சேருங்கள்.

பழைய டேப்புகளைப் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு, டிரைவ் எழுதிய பைட்டுகளைப் பெரும்பாலும் நம்பலாம், ஸ்கிரிப்ட் சொன்ன வெற்றியை நம்ப முடியாது என்பதே என் விடை. டிரைவின் லாக் பக்கங்களில் டேப் அலர்ட் எச்சரிக்கைகளும் பிழை திருத்த எண்ணிக்கைகளும் இருக்கும்; எஸ்ஜி-லாக்ஸ் கட்டளையால் அவற்றைப் பார்த்து, எண்ணிக்கை மற்றவற்றைவிட வெகுவாகக் கூடியிருக்கும் கார்ட்ரிட்ஜ்களைப் புதிய பேக்கப்புக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்குங்கள். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஆண்டிறுதி டேப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் உள்ள 12 ஆவணங்களையும் ஃபைல்மார்க் (ஒவ்வொன்றின் முடிவிலும் டேப்பில் இருக்கும் அடையாளம்) வாரியாகத் தாண்டிச் சென்று, ஒவ்வொன்றையும் இறுதி வரை டாரால் பட்டியலிட்டுப் பாருங்கள். சுருக்கிய ஆவணம் பாதியில் அறுந்திருந்தால் ஜிஸிப் எதிர்பாராத முடிவு என்று சொல்லி நின்றுவிடும். அப்படி ஏதேனும் கிடைத்தால், அந்தக் கணினியின் தரவு இன்னும் டிஸ்கில் இருக்கும்போதே, இடைநிலை டிஸ்குக்காகவோ புதிய மென்பொருளுக்காகவோ காத்திராமல், அதை மட்டும் உடனே மறுபடி எழுதுங்கள்.